கொல்லைக் கோழியும் கூட்டுறவும்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

வீட்டுக் கொல்லையில் நாலு கோழி வளர்ப்பதை நம் மக்கள் ஒரு தொழிலாக எண்ணுவதில்லை. தறி நெய்கிறவர் தம்மை நெசவாளர் என்பார். நிலத்தை உழுகிறவர் தம்மை விவசாயி என்பார். கடலுக்குப் போகிறவர் தம்மை மீனவர் என்பார். இவர்கள் அனைவரின் கொல்லையிலும் கோழி மேயும். ஆயினும் தம்மைக் கோழி வளர்ப்போர் என்று ஒருவரும் சொல்லிக்கொள்வதில்லை. அது வீட்டுப் பெண்களின் விருப்பம், அவர்களுடைய சிறுவாட்டுக்கு ஒரு வழி, விருந்தாளி வந்த நாளில் குழம்புக்கு ஒரு துணை என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. இக்காரணத்தால் அதற்குக் கணக்கு எழுதுவார் இல்லை. கணக்கு இல்லாமையால் அதில் ஆண்டுதோறும் நேரும் நட்டமும் எவர் கண்ணுக்கும் படுவதில்லை.

அந்த நட்டம் எங்கே நேர்கிறது, அதைத் தடுக்க ஒரு வீட்டாரால் எவ்வளவு இயலும், எவ்விடத்தில் ஊரார் ஒன்றுகூட வேண்டும் என்பதை விளக்குவதே இம்மாதப் பாடத்தின் நோக்கம். டெல்டாக் கரையில் காரைக்கால் நகரை ஒட்டியுள்ள காரைக்கால்மேட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம். நெசவாளர் தெருவிலும் நெல் விளையும் கிராமத்திலும் வாழும் அங்கத்தினர்கள் தம் ஊருக்கு ஏற்ப இதனைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

கைமுடையான காலம்

காரைக்கால்மேடு மீனவர் ஊர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் கொடுமையாக அடிபட்ட ஊர்களில் ஒன்றாக அதனை யாவரும் அறிவர். கிழக்குக் கரையில் மீன்கள் இனம் பெருகும் பொருட்டு, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. அந்த இரண்டு மாதங்களும் அவற்றை நம்பிய குடும்பங்களில் பணம் புரளுவது அரிது.

இத்தகைய காலம் மீனவர்க்கு மட்டும் உரியதன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக்குழியில் நீர் ஊறி நெசவு நின்றுபோவதை நெசவாளர் அறிவர். நடவு முடிந்து அறுவடை வரும் வரையில் கை வெறுமையாக இருப்பதை விவசாயி அறிவார். இத்தகைய நாட்களில் ஒரு கோழியை விற்றால் அரிசிக்கு ஆயிற்று. பத்து முட்டையைக் கொடுத்தால் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கு ஆயிற்று. எவரிடத்தும் கடன் கேட்க வேண்டுவதில்லை, நகையை அடகு வைக்க வேண்டுவதில்லை. கொல்லைக் கோழியின் மதிப்பு அது விலை போகும் தொகையில் மட்டும் இல்லை. வேறு எதுவும் கைகொடாத நாளில் கைகொடுப்பதில் இருக்கிறது.

ஆனால் இயற்கையின் ஏற்பாடு வேறு விதமாக இருக்கிறது. கோழிகளைக் கூட்டத்தோடு மாய்க்கும் வெள்ளைக் கழிச்சல் நோய் பெரும்பாலும் கோடையிலேயே தலையெடுக்கிறது. வீட்டில் வருவாய் நிற்கும் அதே மாதங்களில் கொல்லையும் வெறுமையாகிறது. இந்த இரு துன்பங்களும் ஒரே நேரத்தில் சேர்ந்து வருவதுதான் நாம் கருத்திற் கொள்ள வேண்டிய முதற் செய்தி.

நோயைப் பற்றிப் பேசுமுன், முட்டையிலிருந்து கோழியாகும் வரை ஒரு வீட்டாரே கவனிக்க வேண்டியவற்றை முறையாகப் பார்த்துவிடுவோம்.

அடை வைத்தல்

நாட்டுக்கோழி ஆண்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகள் இடும். ஓர் ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டபின் அடைக்கு உட்காரும். பண்ணைகளில் வளரும் உயரின முட்டைக் கோழிகள் ஆண்டுக்கு முந்நூறு முட்டை வரை இட்டாலும், அடைகாக்கும் குணத்தை அவை பெரும்பாலும் இழந்துவிட்டன. வனராஜா, கிராமப்பிரியா போன்று கொல்லை வளர்ப்புக்கென ஐதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய இனங்களும் தாமே குஞ்சு பொரித்துப் பெருகுவதற்கு ஏற்றவை அல்ல. தன் முட்டையைத் தானே பொரித்துத் தன் குஞ்சைத் தானே காக்கும் திறன் நாட்டுக்கோழிக்கே உரியது. ஆகையால், அதிக முட்டையை விரும்பி வேறு இனம் வாங்குவோரும் இரண்டு நாட்டுப் பெட்டைகளை விடாமல் வைத்திருத்தல் நலம்.

அடைக்குரிய முட்டைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிகச் சிறியன, ஓடு மெலிந்தன, விரிசல் கண்டன ஆகியவற்றை விலக்குக. கோடையில் ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையை அடை வைத்தல் கூடாது. அழுக்குப் பட்டதென்று நீரில் கழுவுவதும் தவறு. ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விடுவதால் கிருமி உட்புகும். ஒரு பெட்டைக்குப் பத்து அல்லது பன்னிரண்டு முட்டை போதும். அதன் இறகுக்குள் அடங்காத முட்டை சூடு பெறாமல் கூமுட்டையாகும்.

மண் சட்டியிலோ மூங்கிற் கூடையிலோ மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோல் இட்டு, இருளும் காற்றும் உள்ள மூலையில் வைத்தல் வேண்டும். இடிக்கு அஞ்சி, கூடையில் இரும்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் வைப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். அவ்வழக்கத்தால் தீங்கு இல்லை. ஆனால் அடைக்கு வைக்குமுன் கோழியின் மேலுள்ள பேனை நீக்குவது அதனினும் பயன் தரும். பேன் கடி பொறாத கோழி அடையை விட்டு எழுந்துவிடும்.

ஏழாம் நாள் இரவில் முட்டையைக் கைவிளக்கின் ஒளியில் பார்த்தால், கரு உள்ளதில் சிலந்தி வலை போன்ற செந்நரம்புகள் தெரியும். தெளிவாகவே இருக்கும் முட்டையில் கரு இல்லை, அதை எடுத்துவிடலாம். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு வெளிவரும்.

குஞ்சுப் பருவம்

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்பது பழமொழி. ஆகாது என்பது உண்மையே. குஞ்சுகளுக்கு எமனாவன காகமும் பருந்தும் கீரியும் பூனையும் நாயும். அவற்றோடு ஈரமும் குளிரும். பொரித்த பத்துக் குஞ்சுகளில் இரண்டோ மூன்றோ மட்டும் பெரிதாவதைக் கண்டு, அதுவே இயற்கை என்று நம் தாய்மார்கள் தேறுதல் கொள்கின்றனர். இழப்பில் பெரும் பகுதி முதல் நான்கு வாரங்களுக்குள் நேர்கிறது. அந்த நான்கு வாரங்களைக் காத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதற்குப் பெரும் செலவு வேண்டியதில்லை. தாயையும் குஞ்சுகளையும் முதல் இரண்டு வாரம் பஞ்சாரத்துக்குள் அடைத்து வைத்துத் தீனியும் நீரும் உள்ளேயே கொடுக்கலாம். பிறகு வெயில் ஏறிய நேரத்தில் சிறிது நேரம் வெளியே விட்டு, நான்கு வாரம் கழிந்ததும் தாயோடு தாராளமாக மேய விடலாம். இளங்குஞ்சுக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வலிமை இல்லை. தாயின் இறகே அதற்குப் போர்வை. ஆதலால் மழைக்காலத்தில் பஞ்சாரத்தின் அடித்தரை நனையாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். மணற்பாங்கான காரைக்கால்மேட்டில் நீர் விரைவில் வடிந்துவிடும். களிமண் பூமியில் வாழ்வோர் ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி, அதன்மேல் மணலோ சாம்பலோ பரப்பிக்கொள்ள வேண்டும்.

தீனியும் நீரும்

மேய்ந்து தின்னும் கோழிக்குப் புழு, பூச்சி, புல், சிந்திய தானியம் ஆகியவை தாமே கிடைக்கும். குஞ்சுகளுக்கும் முட்டையிடும் பெட்டைகளுக்கும் மட்டும் கையால் தீனி கொடுத்தால் போதும். நொய்யும் தவிடும் சூட்டைத் தரும். உடல் வளர்வதற்குப் புரதம் வேண்டும். உள்நாட்டுக் கிராமங்களில் இதற்கு ஓர் எளிய வழி உண்டு. பழைய பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் இட்டு, நீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் பானைக்குள் கறையான் ஏறியிருக்கும். அதைக் குஞ்சுகளின் முன் தட்டினால் ஒன்று விடாமல் பொறுக்கித் தின்னும்.

கடற்கரை ஊரில் மீன் கழிவு தாராளமாகக் கிடைக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. உப்பிடாமல் வெயிலில் காய்ந்த பொடி மீனை இடித்து, பத்துப் பங்கு தீனிக்கு ஒரு பங்கு அளவில் சேர்ப்பது மிக நல்லது. உப்பிட்ட கருவாட்டின் தலையையும் தூளையும் குஞ்சுகளுக்குப் போடுவது நஞ்சு ஊட்டுவதற்கு ஒப்பாகும். உப்பு மிகுந்தால் குஞ்சுகள் தாகத்தால் தவித்து, நீராகக் கழிந்து, கால் தள்ளாடி இறக்கும். நீர் குறைவாக வைத்த நாளில் இக்கேடு இரட்டிப்பாகும். கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள தெருக்களில், குஞ்சுகளுக்கு நாம் குடிக்கும் நீரையே வைக்க வேண்டும். மீன் மிகுதியாகத் தின்ற கோழியின் கறியிலும் முட்டையிலும் மீன் வாடை வீசும். வாங்குவோர் மறுமுறை வாரார்.

முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். பக்கத்து ஊருக்குக் கிளிஞ்சல்மேடு என்றே பெயர் வழங்கும் இக்கரையில் அதற்குப் பஞ்சம் இல்லை. கிளிஞ்சலைக் கழுவிக் காயவைத்து நொறுக்கித் தனிச் சட்டியில் வைத்தால், வேண்டிய கோழி வேண்டிய அளவு தின்னும்.

இதுவரை கூறியவற்றின் பயனை ஓர் எளிய கணக்கால் காண்போம். ஒரு வீட்டில் நான்கு பெட்டைகள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றும் ஆண்டில் மூன்று முறை அடைகாத்து, முறைக்குப் பத்துக் குஞ்சு பொரித்தால் 120 குஞ்சுகள். பத்துக்கு மூன்று பிழைத்தால் 36 கோழிகள். பத்துக்கு ஆறு பிழைத்தால் 72 கோழிகள். பெட்டையின் எண்ணிக்கையைக் கூட்டாமலே 36 கோழிகள் மிகுகின்றன. விலையை அவரவர் ஊர்ச் சந்தைக்கு ஏற்பப் போட்டுக்கொள்க.

வெள்ளைக் கழிச்சல்

ஆனால் இந்த 72 கோழிகளையும் ஒரே வாரத்தில் இல்லாமற் செய்துவிடக் கூடிய நோய் ஒன்று உண்டு. 1926இல் இங்கிலாந்தில் நியூகாசில் நகருக்கு அருகிலும் சாவகத் தீவிலும் அது ஆராய்ந்து அறியப்பட்டது. அதை அடுத்து இமயமலைச் சாரலில் உள்ள ராணிக்கேட்டில் காணப்பட்டமையால், நம் நாட்டில் அதற்கு ராணிக்கேட் நோய் என்று பெயர் வந்தது. நம் பெண்கள் அதன் குறியைக் கொண்டு வெள்ளைக் கழிச்சல் என்கின்றனர்.

இந்நோய் கண்ட கோழி தீனி எடுக்காமல், இறகைத் தொங்கவிட்டு, கண்மூடித் தூங்கி வழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும். சில கோழிகளுக்குக் காலும் இறகும் விழுந்து கழுத்துத் திருகிக்கொள்ளும். தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் நுழைந்தால் பத்துக்கு எட்டு ஒன்பது கோழிகள் இறப்பதும் உண்டு. இது வைரஸ் என்னும் நுண்கிருமியால் வருவதாகையால் வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. மஞ்சளும் சின்ன வெங்காயமும் சீரகமும் அரைத்துக் கொடுப்பது கோழிக்கு ஆதரவாக இருக்கலாம். நோயை அது நிறுத்தாது. வருமுன் காப்பது ஒன்றே வழி.

நோய் பரவும் வழிகளை அறிந்தால் ஊராரின் பொறுப்பும் விளங்கும். நோய்க் கோழியின் எச்சம், மூக்கு நீர், அதைச் சுமந்த கூடை, அதை மிதித்த கால், கழுவிய நீர் ஆகிய அனைத்திலும் கிருமி இருக்கிறது. சந்தையில் வாங்கிய கோழி வெளிப்பார்வைக்கு நலமாக இருந்தும் உள்ளே நோயைக் கொண்டுவரலாம். ஒரு வீட்டில் இரண்டு கோழி செத்ததும் மற்றவற்றை அவசரமாக விற்றுவிடுவது நம்மிடையே உள்ள பழக்கம். அப்படி விற்கப்படும் கோழியோடு நோயும் அடுத்த ஊருக்குப் பயணமாகிறது. செத்த கோழியை வாய்க்காலில் எறிந்தால் அவ்வாய்க்கால் செல்லும் ஊர்களுக்கெல்லாம் நோயை அனுப்பியதாகும்.

காரைக்கால் வட்டாரம் புதுச்சேரி அரசைச் சேர்ந்தது. சுற்றியுள்ள ஊர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. கால்நடைத் துறைகள் வெவ்வேறு; மருத்துவமனைகள் வெவ்வேறு. கோழிக் கூடை மட்டும் இரு புறமும் தடையின்றிப் போய்வருகிறது. எல்லைக் கல்லைக் கண்டு எந்த நோயும் திரும்பிப் போவதில்லை.

ஒரு குப்பியின் கணக்கு

தடுப்பு மருந்து இருக்கிறதா என்றால், நெடுங்காலமாக இருக்கிறது. முக்தேசுவரத்தில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் 1940களில் உருவான ஆர்.டி.வி.கே. வகை மருந்து இன்றும் எட்டு வார வயதுக்கு மேற்பட்ட கோழிகளுக்கு ஊசியாகப் போடப்படுகிறது. ஏழாம் நாள் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடும் மருந்து வேறு. அவ்வாறாயின், கொல்லைக் கோழிகள் ஏன் இன்னும் மடிகின்றன?

மருந்தின் விலை இதற்குக் காரணம் அன்று. அது அடைத்து வரும் அளவே காரணம். பண்ணைகளை முன்னிட்டு இம்மருந்துகள் நூறு, இருநூறு, ஐந்நூறு, ஆயிரம் கோழிகளுக்குரிய குப்பிகளாக வருகின்றன. குப்பியை உடைத்துக் கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் முழுவதையும் செலுத்திவிட வேண்டும்; மிஞ்சியதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ள இயலாது. அதுவரை பனிக்கட்டியில் வைத்திருக்க வேண்டும், வெயில் படலாகாது.

ஐந்து கோழி உள்ள ஒரு தாய் நூறு கோழிக்குரிய குப்பியை வாங்கினால், தொண்ணூற்றைந்து கோழிக்குரிய மருந்தைத் தரையில் கொட்ட வேண்டும். ஆகையால் அவர் வாங்குவதில்லை. பக்கத்து வீட்டாரும் அவ்வாறே வாங்குவதில்லை. இருபது வீடுகளும் தனித்தனியே சரியாகக் கணக்குப் பார்த்து, தனித்தனியே வாங்காமல் விட்டு, ஒன்றாக இழக்கின்றன. அந்த இருபது வீட்டுக் கோழிகளையும் கூட்டிப் பாருங்கள்: மிகச் சரியாக நூறு. ஒரு வீட்டுக்கு வீணாகும் குப்பி இருபது வீட்டுக்குச் சொட்டு மிஞ்சாமல் பயன்படுகிறது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, அதற்கு இதைவிடச் சிறிய தேர் கிடையாது.

கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பத்தொன்பது வீட்டார் மருந்து போட்டு ஒரு வீட்டார் போடாமல் விட்டால், அந்த ஒரு வீட்டில் நோய் தங்கி வளர இடம் கிடைக்கிறது. மருந்து பெற்ற கோழிகளிலும் சில முழுக் காப்புப் பெறாமல் இருக்கும். புதிதாகப் பொரித்த குஞ்சுகளும் இருக்கும். நோய் அவற்றைத் தேடி வரும். ஆதலால் கட்டணம் கொடுக்க இயலாத வீட்டுக் கோழிக்கும் பொது நிதியிலிருந்து மருந்து போட்டாக வேண்டும். அதை உதவி என்று கருதுவதற்கில்லை. மற்றவர் தம் கோழிக்குச் செய்துகொள்ளும் காவலின் ஒரு பகுதி அது.

பிற நாடுகளின் அனுபவம்

இவ்வழியில் முன்னரே நடந்து காட்டியோர் உளர். வங்காளதேசத்தில் 1980களில் பிராக் என்னும் நிறுவனமும் அரசின் கால்நடைத் துறையும் சேர்ந்து, கிராமத்து ஏழைப் பெண்களுக்கே ஊசி போடும் பயிற்சி அளித்தன. அப்பெண்கள் விடியற்காலையில் வீடு வீடாகச் சென்று சிறு கட்டணத்துக்குக் கோழிகளுக்கு மருந்து போட்டனர். கோழிகள் பிழைத்தன, அப்பெண்களுக்கும் ஒரு வருவாய் ஏற்பட்டது.

வெப்ப நாடுகளில் பனிக்கட்டி கிடைப்பது அரிதாகையால், சூட்டைத் தாங்கும் மருந்து தேவைப்பட்டது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பீட்டர் ஸ்பிராட்புரோ இத்துறையில் உழைத்து, ஐ-2 என்னும் வகையை உலகுக்கு அளித்தார். கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும் என்ற அம்மருந்தைக் கொண்டு, மொசாம்பிக், தான்சானியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளின் கிராமங்களில் ஊர்க்காரர்களே நான்கு மாதத்துக்கு ஒரு முறை நாள் குறித்து ஊர் முழுவதும் மருந்து விட்டு வந்தனர்.

நம் தமிழகமும் பின்தங்கி நிற்கவில்லை. 1989இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் டி-58 என்னும் வெப்பம் தாங்கும் வகையைக் கொண்டு, கோழிகள் தீனியாகவே பொறுக்கித் தின்னத்தக்க குருணை வடிவில் மருந்து செய்துள்ளனர். பிடித்து ஊசி போட முடியாத மேய்ச்சற் கோழிக்கு இது தக்க முறை. எந்த மருந்து, எந்த வயதில் என்பதைத் தத்தம் பகுதிக் கால்நடை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

இந்நாடுகள் யாவற்றிலும் பொதுவாகக் காணும் உண்மை ஒன்று. மருந்து கண்டுபிடித்ததோடு கோழிகள் பிழைத்துவிடவில்லை. ஒரே நாளில் ஓர் ஊர்க் கோழிகள் அனைத்துக்கும் அதைக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு அமைந்த இடத்திலேயே பிழைத்தன. அந்த ஏற்பாடு மருத்துவரின் வேலை அன்று, சங்கத்தின் வேலை.

சங்கம் செய்ய வேண்டியவை

1. தெருவுக்கு இருபது அல்லது இருபத்தைந்து வீடுகளைச் சேர்த்துக் கோழி வளர்ப்போர் குழு ஒன்று அமைக்கலாம். கோழி வளர்ப்பவர் பெண்களே ஆதலின், குழுவின் தலைமையும் கணக்கும் அவர்கள் கையிலேயே இருத்தல் வேண்டும். அவர்கள் வளர்க்கும் கோழியின் கணக்கை ஆண்கள் எழுதினால், ஓராண்டில் பணமும் ஆண்கள் கைக்குப் போய்விடும்.

2. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டார் பெயர், பெட்டை, சேவல், குஞ்சு, மருந்து போட்ட நாள், இறந்தவை, விற்றவை என ஏழு பத்திகள். மாதம் ஒருமுறை எண்ணி எழுதுக. எத்தனை குஞ்சு எந்த வாரத்தில் இறந்தன என்பது ஏட்டில் ஏறினாலொழிய, காரணம் காகமா, ஈரமா, நோயா என்று அறிய இயலாது.

3. மாசி, ஆனி, ஐப்பசி என நான்கு மாதத்துக்கு ஒருமுறை மருந்து நாள் குறிக்க வேண்டும். இடையில் பொரித்த குஞ்சுகள் விடுபடாமல் இருக்க இது தேவை. மருந்து போட்டுக் காப்பு ஏற்பட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். எனவே மாசி நாள் மிக முக்கியமானது. சித்திரையில் கோழி சாகத் தொடங்கியபின் மருந்து தேடி ஓடுவதால் பயன் இல்லை. முன்னரே நோய் உட்புகுந்த கோழி மருந்து போட்டபின் இறந்தால், பழி மருந்தின்மேல் விழும்; அடுத்த முறை ஊரார் ஒத்துழைக்கமாட்டார்கள். மருந்துக்கு ஒரு வாரம் முன்பு குடற்பூச்சி மருந்து கொடுத்தல் நலம்.

4. மருந்து நாளில் கோழிகளை முதல் நாள் இரவே கூட்டில் அடைத்துவிட வேண்டும். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். கோழிக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம் தண்டி, மருந்துச் செலவும் மருந்து போடுபவரின் கூலியும் போக மிஞ்சுவதைக் குழுவின் நிதியில் சேர்க்கலாம்.

5. சந்தையில் வாங்கிய கோழியைப் பதினான்கு நாள் தனியே கட்டி வைத்தபின்னரே மற்றவற்றோடு விட வேண்டும் என்பதைத் தெருக் கட்டுப்பாடாகவே வைத்துக்கொள்ளலாம். செத்த கோழியை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். பல கோழிகள் ஒரே சமயத்தில் இறந்தால் தாமதியாமல் கால்நடை மருத்துவமனைக்கு அறிவிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு மகாராட்டிரத்தில் முதன்முதலாகத் தலைகாட்டிய பறவைக் காய்ச்சலும் இவ்வாறே தொடங்கக் கூடியது; அது மனிதரையும் பற்றக் கூடியதாகையால், இறந்த கோழியை வெறுங்கையால் தொடுவதும் சமைப்பதும் கூடாது.

சேவல் மாற்று

குழு அமைந்தால் மற்றொரு நன்மையும் தானே வந்து சேரும். எட்டு அல்லது பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஆனால் ஒரே கொல்லையில் பிறந்த சேவலே தன் தாயோடும் உடன்பிறந்த பெட்டைகளோடும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால், முட்டையில் கரு கூடுவது குறையும். குஞ்சுகள் நலிந்து பிறக்கும். இதற்கும் தனி வீட்டாரிடம் மருந்து இல்லை. சேவலை விற்றுப் புதிது வாங்கினால் நோய் உடன் வருமோ என்ற அச்சம். குழுவில் உள்ள வீடுகள் ஓராண்டுக்கு ஒருமுறை தம்முள் சேவலை மாற்றிக்கொண்டால், ஒரு காசும் செலவின்றி இனம் சீர்படும். எல்லாச் சேவலும் மருந்து பெற்றவை ஆதலின் அச்சமும் இல்லை. நெடுங்கால், அகன்ற மார்பு, சுறுசுறுப்பு ஆகியவற்றோடு, அதன் தாய் நன்றாக அடைகாத்ததா என்பதையும் நோட்டுப் புத்தகத்தில் பார்த்துச் சேவலைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

சங்கம் என்றால் கடன் கொடுக்கும் இடம், நூல் கொடுக்கும் இடம், உரம் கொடுக்கும் இடம் என்று மட்டும் எண்ணுதல் சரியன்று. தனியொருவர் வாங்கினால் வீணாகும் பொருளை நூறுபேர் சேர்ந்து வீணாகாமல் பயன்படுத்தும் ஒவ்வோர் இடத்திலும் கூட்டுறவுக்கு வேலை உண்டு. அடுத்த மாசியில் ஒரு தெருவேனும் ஒரு குப்பியை முழுவதும் பயன்படுத்திக் காட்டட்டும். அதன் நோட்டுப் புத்தகத்தை அவ்வாண்டு ஆனியில் திறந்து பார்த்தால் மற்றத் தெருக்களுக்கு நாம் பாடம் சொல்ல வேண்டிய தேவை இராது.

அங்கத்தினர் கூட்டத்தில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. நம் தெருவில் எத்தனை வீடுகளில் எத்தனை கோழிகள் உள்ளன? சென்ற கோடையில் எத்தனை இறந்தன?

2. பொரித்த குஞ்சுகளில் பெரிதாவன பத்துக்கு எத்தனை? மற்றவை எந்த வாரத்தில், எதனால் அழிகின்றன?

3. நமக்கு அண்மையிலுள்ள கால்நடை மருத்துவமனையில் எந்தத் தடுப்பு மருந்து, எத்தனை கோழிக்குரிய குப்பியாகக் கிடைக்கிறது?

4. மருந்து போடப் பயிற்சி பெற விரும்பும் பெண்கள் இருவர் நம் தெருவில் யார்?

5. கட்டணம் கொடுக்க இயலாத வீட்டுக்கும், மருந்தே வேண்டாம் என்னும் வீட்டுக்கும் குழு என்ன செய்ய வேண்டும்?